சிதறியவர்களைச் சேர்த்தவர்

எங்கள் வாசிப்புக் குழுவில் மொத்தமே ஆறு பேர்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். தேநீர், கறிபாப், கொஞ்சம் சண்டை. சில மாதங்களுக்கு முன் ஹன்னா அரெண்ட்டின் ஐக்மன் வழக்கு பற்றிய நூலை எடுத்துக்கொண்டோம். நாஜி அதிகாரி ஐக்மன் மீது ஜெருசலேமில் 1961இல் நடந்த விசாரணையைப் பத்திரிகைக்காக நேரில் பார்த்து அரெண்ட் எழுதியது, 1963இல் நூலாக வந்தது. 'தீமையின் சாதாரணத்தன்மை' என்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்களே, அந்த நூல்தான். அன்றும் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் குழுவில் ஒருவர் ராணுவத்தில் 21 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் 'சார்ஜன் அண்ணன்'. தடித்த புத்தகம் என்றால் முகம் சுளிப்பார், ஆனால் எடுத்தால் முடிக்காமல் விடமாட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"இந்த புஸ்தகத்துல ஒரு சார்ஜன் வர்றான். ரெண்டு மூனு பக்கம்தான். எனக்கு ஐக்மன் வேணாம். இவன் செஞ்சது சரியா தப்பா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் கேட்டது அந்தோன் ஷ்மிட்டைப் பற்றி.

வியன்னாவில் 1900ஆம் ஆண்டு பிறந்தவர் ஷ்மிட். மின்சார வேலை தெரிந்தவர். சின்னதாக ஒரு வானொலிக் கடை வைத்திருந்தார். மனைவி ஸ்டெஃபி, ஒரு மகள். கத்தோலிக்கர். எந்த அரசியல் கட்சியிலும் பெரிய ஆள் இல்லை, படித்தவரும் இல்லை. ஹிட்லரின் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டபோது வயது நாற்பதை ஒட்டி. முன்வரிசையில் சண்டை போடும் வயசில்லை என்பதால் பின்புலத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். பதவி ஃபெல்ட்வேபெல், நம்மூர்க் கணக்கில் சார்ஜன். 1941இல் லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரத்தில், தங்கள் படைப்பிரிவை விட்டுச் சிதறிப்போன வீரர்களைச் சேர்த்து மறுபடி அனுப்பிவைக்கும் ஓர் அலுவலகத்துக்கு அவர் பொறுப்பாளர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம். அதோடு தச்சு வேலை, மெத்தை தைப்பது போன்ற பட்டறைகளும் அவர் கையில் இருந்தன. அங்கே வேலைக்கு யூதர்களை வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மன் படை அந்த நகரத்துக்குள் நுழைந்தது 1941 ஜூனில். அப்போது அங்கே ஏறக்குறைய 60,000 யூதர்கள் இருந்தார்கள். நகரத்துக்கு வெளியே போனாரி என்ற காட்டில் பெரிய குழிகள் இருந்தன. மக்களை அங்கே நடத்திக்கொண்டுபோய்ச் சுட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட யூதர்கள் அந்தக் குழிகளில் கிடந்தார்கள். உயிர் பிழைக்க ஒரே வழி ஒரு மஞ்சள் அட்டை. 'இவர் ஜெர்மானியருக்குத் தேவையான தொழிலாளி' என்று சொல்லும் அட்டை. அது உள்ளவருக்கும் குடும்பத்துக்கும் கொஞ்ச நாள் தவணை கிடைக்கும்.

ஷ்மிட் செய்தது இதுதான். பட்டறைக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமான ஆட்களுக்கு அட்டை வாங்கினார். சிறையில் அடைக்கப்பட்ட தன் தொழிலாளர்களை வெளியே எடுத்தார். ராணுவ லாரிகளில் ஆட்களை ஏற்றி, அப்போதைக்கு ஆபத்து குறைவாகத் தெரிந்த லிடா, பியாலிஸ்டோக் போன்ற ஊர்களுக்கு அனுப்பினார். ஹெர்மன் அட்லர் என்ற கவிஞரையும் அவர் மனைவியையும் தன் இருப்பிடத்திலேயே ஒளித்து வைத்தார். எதிர்ப்பு இயக்கத்து இளைஞர்கள் அவர் வீட்டிலேயே கூடிப் பேசினார்கள். காசு வாங்கவில்லை. 1942 ஜனவரியில் பிடிபட்டார். பிப்ரவரியில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஏப்ரல் 13 அன்று சுட்டுக் கொன்றார்கள். காப்பாற்றியவர்கள் 250லிருந்து 300 பேர் வரை இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஐக்மன் வழக்கில் இந்தப் பெயர் வந்தது கிட்டத்தட்ட தற்செயலாகத்தான். வில்னியுஸ் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த அப்பா கோவ்னர் என்ற கவிஞர் சாட்சி சொல்லும்போது, ஐக்மன் என்ற பெயரைத் தான் முதலில் கேட்டதே இந்த சார்ஜனிடம்தான் என்று சொல்லப்போய், அவர் கதையையும் சொன்னார். சில நிமிடங்கள்தான். மண்டபம் முழுக்க அமைதி, கூட்டம் தானாகவே முடிவெடுத்து மௌன அஞ்சலி செலுத்தியதுபோல இருந்தது என்று அரெண்ட் எழுதுகிறார். இப்படிப்பட்ட கதைகள் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் எல்லாமே எவ்வளவு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றியதாம். (அவர் ஷ்மிட்டின் பெயரை ஓர் எழுத்து கூட்டித் தவறாக எழுதியிருக்கிறார். தமிழில் எழுதும்போது அந்தப் பிழை தெரிவதில்லை.)

சார்ஜன் அண்ணனுக்கு இதெல்லாம் போதவில்லை.

"லாரி யாரோடது? ராணுவத்தோடது. எண்ணெய் யாரோடது? போர் நடக்கிற நேரத்துல தன் படைக்கு எதிரா வேல செய்யற ஆளுங்கள வீட்டுல கூட்டி வச்சுப் பேசியிருக்கான். எந்த நாட்டு ராணுவமா இருந்தாலும் சுடத்தான் செய்வான். நான் நல்லவன் கெட்டவன்னு பேசல. சார்ஜன்னா என்னன்னு பேசறேன்."

அவருக்கு 'சார்ஜன்' என்ற சொல்லுக்கு ஒரு முகம் உண்டு. எண்பதுகளில் பேராக்கின் வடக்குக் காடுகளில் கம்யூனிஸ்ட்டுகளைத் தேடி அலைந்த காலத்தில் அவருக்கு மேல் இருந்தவர். மலாய்க்காரர். ரொட்டியைக் கடைசியில் எடுப்பவர், கண்ணிவெடி இருக்கலாம் என்ற பாதையில் முதலில் நடப்பவர். அப்படி நடந்தே போய்விட்டார். ஒவ்வொரு வருடமும் ஜூலை 31, ஹரி பாஹ்லவான் அன்று அண்ணன் யாரிடமும் பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு 22 வயதிருக்கும்போது நடந்தது. இன்னமும் அந்த சார்ஜனின் பேரைச் சொல்லும்போது குரல் இறங்கும்.

"சார்ஜனோட வேல ஒன்னே ஒன்னு. தன் ஆளுங்கள உசிரோட திருப்பிக் கொண்டாறது. கொள்கை, சித்தாந்தம்லாம் மேல இருக்கிற ஆபீசருக்கு."

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதோடு, அதிலேயே ஷ்மிட்டுக்கான பதிலும் இருக்கிறதோ என்று தோன்றியது. தன் ஆளுங்க என்றால் யார்? ஷ்மிட்டுக்கு ராணுவம் கொடுத்த வேலையே, வழிதவறி, பயந்து, படையைத் தொலைத்துவிட்டு நிற்பவர்களைச் சேர்த்து உயிரோடு அனுப்பிவைப்பது. சீருடை போட்டவனுக்கு அதைச் செய்தார். ஒரு நாள் சீருடை இல்லாதவன் ஒருவன் அதே நிலையில் வாசலில் வந்து நின்றான். அவனுக்கும் அதையே செய்தார். வேலையை மீறினார் என்பதைவிட, வேலையின் எல்லையை நகர்த்திவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "வக்கீல் மாதிரி பேசாதே," என்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல முயன்றவர்கள் பெரும்பாலும் உயர் அதிகாரிகள். தேசத்தின் எதிர்காலம், போரின் போக்கு என்று பல கணக்குகள் அவர்களிடம் இருந்தன. சார்ஜனிடம் அது எதுவும் இல்லை. அவனிடம் இருப்பது ஒரு முத்திரை, ஒரு சாவிக்கொத்து, நாலு லாரி, அவனுடைய கையெழுத்தைக் கேள்வி கேட்காத சோம்பேறி மேலதிகாரி. ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் இதே அளவு அதிகாரம் உள்ளவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்மன் படையில் போர்க்காலம் முழுக்க 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். யூதர்களைக் காப்பாற்றியதாகப் பேர் தெரிந்தவர்களைத் தேடித் தேடி எண்ணினால் நூறைத் தொடுவதே கஷ்டம்.

ஏன் இவர் மட்டும்? அரெண்ட்டுக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. ஐக்மனின் குற்றம் கொடூர மனம்கூட இல்லை, யோசிக்க மறுத்ததுதான் என்பது அவர் வாதம். பின்னால் எழுதிய கட்டுரைகளில் இதை இன்னும் நீட்டிக்கொண்டு போகிறார். சர்வாதிகாரத்தில் ஒத்துழைக்க மறுத்தவர்கள் அறநெறிகளை மனப்பாடம் செய்தவர்கள் இல்லை. 'இதைச் செய்துவிட்டு என்னோடு நானே வாழ முடியுமா' என்று தனக்குள் கேட்டுக்கொண்டவர்கள்தான் என்கிறார். சிந்திப்பதுதான் கடைசி அரண்.

பல வருடமாக இதை நம்பி வந்தேன். ஆனால் ஷ்மிட் சாவதற்குச் சில நாள் முன்பு மனைவிக்கு எழுதிய கடிதம் இதோடு ஒத்துப்போகவில்லை. சுடப்படப் போகும் கூட்டத்தைப் பார்த்ததை அதில் எழுதுகிறார், பிள்ளைகளைக் கொன்றதை எழுதுகிறார். பிறகு, என்னுடைய இளகிய மனசு உனக்குத் தெரியுமே, என்னால் யோசிக்க முடியவில்லை, உதவி செய்துவிட்டேன், நீதிமன்றத்தின் பார்வையில் அது கெட்டது என்ற அர்த்தத்தில் சொல்கிறார். யோசிக்க முடியவில்லை என்பதை ஒரு குறைபோல, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்கிறார். கடைசி நாள் கடிதத்தில் தான் மனிதனாகத்தான் நடந்துகொண்டதாகவும் யாரையும் வருத்த நினைக்கவில்லை என்றும் எழுதினார்.

ஐக்மன் யோசிக்கவில்லை, கொன்றார். ஷ்மிட்டும் யோசிக்கவில்லை, காப்பாற்றினார். அரெண்ட்டின் கோட்பாட்டில் இரண்டாவது ஆளுக்கு எங்கே இடம்?

திருக்குறளில் 58ஆவது அதிகாரம் கண்ணோட்டம். இன்றைக்கு நாம் அந்தச் சொல்லைப் 'பார்வை', 'கோணம்' என்ற பொருளில் தேய்த்துவிட்டோம். கட்டுரைப் போட்டிகளில் 'இளைஞர்களின் கண்ணோட்டத்தில் தமிழ்' என்று தலைப்பு வைப்பார்கள். வள்ளுவருக்கு அது வேறு. எதிரே நிற்பவனைக் கண்டதும் கண் அவன்மேல் ஓடி நின்றுவிடுவது, அதனால் மனம் இளகுவது. எனக்கு எப்போதும் ஆச்சரியம், அந்த அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் அரசியல் பகுதியில் வைத்தது. இரக்கத்தை வீட்டுக்குரிய குணமாக விடாமல் அதிகாரம் கையில் உள்ளவனிடம் கேட்கிறார். ஷ்மிட்டிடம் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். கண் ஓடிவிட்டது. யோசனை வந்து 'நீ சாதாரண சார்ஜன், உனக்கு மனைவி இருக்கிறாள், இன்னும் ஆயிரம் பேர் சாகத்தான் போகிறார்கள்' என்று பேரம் பேசுவதற்குள் கை முத்திரையை எடுத்துவிட்டது.

ஆனால் இளகிய மனசு என்பதோடு விட்டுவிடவும் முடியாது. முதல் ஆளைக் காப்பாற்ற இளகிய மனசு போதும். இருநூறாவது ஆளுக்கு? போலிக் காகிதம், லாரி நேரம், சோதனைச்சாவடி, வழியில் என்ன பொய் சொல்வது, இவ்வளவையும் பல மாதங்கள் ஒருவர் யோசிக்காமல் நடத்தியிருக்க முடியாது. அவர் யோசிக்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வியைத்தான். செய்யலாமா வேண்டாமா என்பதை. எப்படிச் செய்வது என்பதை ராத்திரி பகலாக யோசித்திருப்பார். ஐக்மனும் எத்தனை ரயில், எத்தனை பெட்டி என்று எப்படியை மட்டுமே யோசித்தவர்தான். இரண்டு பேரையும் பிரிப்பது யோசனை என்று சொன்னால் எனக்கு இப்போது திருப்தியாக இல்லை.

குழுவில் இருக்கும் ஆசிரியை அதுவரை பேசாமல் இருந்தார். "அந்தப் பொம்பளையப் பத்தி யாரும் கேட்க மாட்டீங்களா?" என்றார்.

ஸ்டெஃபியைச் சொன்னார். கணவன் தேசத்துரோகி என்று அக்கம்பக்கத்தார் ஏசினார்கள், ஜன்னலை உடைத்தார்கள். போர் முடிந்து அட்லர் தம்பதி வியன்னாவுக்கு வந்து சொன்ன பிறகுதான் அவருக்கு நடந்தது முழுசாகத் தெரிந்தது. வில்னியுஸில் கணவனின் கல்லறையைப் போய்ப் பார்க்க 1960கள் வரை காத்திருந்தார். அதற்கும் சைமன் வீசந்தால்தான் ஏற்பாடு செய்தார். ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்காக, வீட்டில் இருக்கும் இரண்டு பேரின் வாழ்க்கையைப் பந்தயம் வைக்க ஒரு மனிதனுக்கு உரிமை இருக்கிறதா? அவர்களிடம் யாரும் கேட்கவில்லையே. "நம்ம அப்பா இப்படிச் செஞ்சிருந்தா நாம பெருமைப்படுவோமா, இல்ல கோவப்படுவோமா?" என்று ஆசிரியை கேட்டபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்கு நேர்மையான பதில், முதல் முப்பது வருடம் கோபம்தான் இருந்திருக்கும். ஷ்மிட்டுக்கும் அது தெரிந்திருந்தது போல. அதனால்தான் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கிறார். தான் செய்தது தவறு என்பதற்காக இல்லை, சரியானதைச் செய்ததன் செலவு அடுத்தவர் கணக்கில் ஏறிவிட்டதே என்பதற்காக.

அடுத்து வந்தது, 'பயனில்லை' என்ற வாதம். பீட்டர் பாம் என்ற ஜெர்மன் ராணுவ மருத்துவர் தன் நினைவுக்குறிப்பில், கொலைகள் நடப்பது எங்களுக்குத் தெரியும், எதிர்த்திருந்தால் சத்தமில்லாமல் காணாமல் போயிருப்போம், அந்தத் தியாகம் நடைமுறையில் வீண் என்ற பொருளில் எழுதினார். அரெண்ட் இதை எடுத்துவைத்து, ஷ்மிட்டையே பதிலாகக் காட்டுகிறார். யாரையும் முழுசாக மறக்கடிக்க எந்த ஆட்சியாலும் முடியாது, கதை சொல்ல ஒருவனாவது மிஞ்சுவான் என்கிறார்.

எனக்கு இந்தப் பதில் பாதிதான் பிடிக்கிறது. கோவ்னர் தப்பிப் பிழைக்காமல் போயிருந்தால்? அரசு வழக்கறிஞர் வேறு கேள்வி கேட்டிருந்தால்? ஷ்மிட் அனுப்பிவைத்த பியாலிஸ்டோக்கிலேயே 1943 ஆகஸ்டில் சேரியை அழித்தார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து பேசிய இளைஞர் மொர்தெகாய் டெனன்பாம் அங்கே எழுச்சிக்குத் தலைமை தாங்கி இறந்தார். லாரியில் ஏறியவர்களில் பலருக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான். யாரும் நினைவில் வைக்காவிட்டாலும், ஒருவர்கூடப் பிழைக்காவிட்டாலும் அந்த லாரி ஓடியது ஓடியதுதான். நினைவு நமக்குத் தேவைப்படுகிறது, அவருக்கு இல்லை.

நமக்குத் தேவைப்படுவதால்தான் ஆபத்தும். 2000ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி ஜெர்மனியின் ரெண்ட்ஸ்பர்க் நகரில் ஒரு ராணுவ முகாமுக்கு ஷ்மிட்டின் பெயரை வைத்தார்கள். அதற்கு முன் அது ஒரு ஜெனரலின் பெயரில் இருந்தது. ஜெனரலை எடுத்துவிட்டு சார்ஜனை வைத்தது எனக்கு உள்ளபடியே சந்தோஷம். ஆனாலும் ஒரு நெருடல். அவரைச் சுட்டது ஒரு ராணுவம், பலகை வைத்ததும் ஒரு ராணுவம். 'பார், எங்களிலும் நல்லவர் இருந்தார்' என்று அந்தப் பலகையைக் காட்டி 1 கோடியே 70 லட்சம் பேர் நிம்மதியாகத் தூங்கலாம். ஒழுங்காகப் படித்தால் அந்தப் பெயர் சொல்வது அதற்கு நேர்மாறானது. இவரால் முடிந்தது என்றால் உன்னாலும் முடிந்திருக்கும். அவர் பெயர் ஒரு சாட்சியம். மற்றவர்களுக்கு எதிரான சாட்சியம்.

எனக்கு எதிராகவும்தான். அதனால்தான் இந்தக் கட்டுரையே.

பல வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் கிராணி வேலை பார்த்தேன். அந்நியத் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் இருக்கும். சாவி என் இடுப்பில். நேபாளத்துத் தம்பி ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்து நின்றான். அம்மா இறந்துவிட்டார், ஊருக்குப் போகணும், பாஸ்போர்ட் கொடுங்கள் அண்ணே என்றான். டிக்கெட் காசுகூட அறைத் தோழர்கள் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மேலே கேட்டேன். போனால் திரும்ப மாட்டான், வேண்டாம் என்றார்கள். அடுத்தவர் கடப்பிதழை இப்படிப் பிடித்து வைப்பதே 1966ஆம் ஆண்டு கடப்பிதழ் சட்டப்படி குற்றம். அது எனக்கு அப்போதே தெரியும். ஷ்மிட்டுக்கு எதிராக ஒரு சட்டம், ஒரு ராணுவம், துப்பாக்கிகள் இருந்தன. என் பக்கம் சட்டமே இருந்தது. போனால் ஒரு வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

"பாஸ்கிட்ட நீயே போய்க் கேளுப்பா," என்று சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஓவர்டைம் பட்டியலைப் பார்த்தேன். கண் ஓடிவிடக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது.

குழுவில் இதைச் சொல்லி முடித்ததும் யாரும் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் சார்ஜன் அண்ணன்தான், "அந்தப் பையன் அப்புறம் போனானா?" என்று கேட்டார். நான்கு மாதம் கழித்து, ஒப்பந்தம் முடிந்து போனான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஷ்மிட் செய்தது சரியா தப்பா என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அந்த வேலையை விட்டு நிற்கும்போது அலமாரிச் சாவியை அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்தேன். 43 கடப்பிதழ்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, சரியாக இருக்கிறது என்று அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.